அண்ணன் படுத்திருந்த சுவர்

அந்த நகரத்தில் ஒரு சுவர் காலியாகக் கிடந்தால் அதன் கதி என்னவாகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் யாரோ ஒருவர் குப்பைப் பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். அதைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நாளில் அங்கே ஒரு மேடு எழும்பிவிடும். அதற்குள் ஆண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கவும் தொடங்கியிருப்பார்கள். ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தார்கள். வந்தவர்கள் அந்த எழுத்தையே குறி வைத்தார்கள். அபராதம் என்று பலகை மாட்டினார்கள். பலகையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியில் யாருக்கோ தோன்றியது: சுவரில் ஒரு புனிதரை வரைந்துவிட்டால் என்ன?

அதோடு நகரத்துச் சுவர்களுக்கெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் புனிதர். ஆஸ்பத்திரி மதிலில் புண்களைக் கழுவும் பெண் புனிதர். பள்ளிக்கூடத்துச் சுவரில் புத்தகமும் கையுமாக ஒருவர். புனிதர் நிற்கும் இடத்தில் எவனும் பேண்ட் ஜிப்பில் கை வைக்கமாட்டான். குப்பை கொட்ட வருகிறவள் கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பாள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு மெழுகுவர்த்தி எரியும். பக்கத்தில் ஒரு பூ. பிறகு வேலைக்குப் போகிறவர்கள் நடையைக் குறைத்து நெற்றியில் கை வைத்துவிட்டுப் போவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய இடம், நின்று கும்பிடும் இடமாகிவிடும்.

இந்தப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆள் போட்டது. எல்லோரும் அவரைப் ‘பெயிண்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கடைப் பலகை எழுதப் பழகி, சினிமா பேனர் கொஞ்சம், லாரிக்குப் பின்னால் மயில் கொஞ்சம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் புனிதர்களிடம் வந்து சேர்ந்தவர். இரண்டு டிரம், மேலே ஒரு பலகை, அதுதான் அவருடைய சாரம். நூலை நீலப் பொடியில் தோய்த்துச் சுவரில் சுண்டிக் கட்டம் போடுவார். கரித்துண்டால் உருவம். அப்புறம் வண்ணம். கண்ணை மட்டும் கடைசியில்தான் போடுவார். அதிலும் ஒரு கணக்கு உண்டு: சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிற ஆளின் முகத்தைப் புனிதர் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் வந்த வேலையை மறந்துவிட்டு அவன் திரும்பிப் போவான்.

ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: “பெயிண்டரே, கொஞ்சம் கோவமாப் போட முடியுமா?”

“புனிதருக்குக் கோவம் வராதுங்களே.”

“வாடகை வராத மாசம் நான் எப்படிப் பாப்பேன்? அப்படிப் போடுங்க.”

இப்படிச் சிரிக்கவைத்துக்கொண்டே ஓடிய பிழைப்புதான். அது அவரை அழவைத்தது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிடங்குச் சுவரில்.

அந்தச் சுவரை எல்லோருக்கும் முன்னால் அறிந்தவர் பெயிண்டரின் அண்ணன். சந்தையில் மூட்டை தூக்கியவர். வாலிபத்தில் இரண்டு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவார் என்பதால் ‘கிரேன்’ என்று பேர். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்த வீட்டில், மீசை அரும்பும் முன்பே தோளைக் கொடுத்தவர். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் நோட்டு முழுக்கப் படம் என்று தெரிந்ததும் பலகை எழுதும் கடையில் கொண்டுபோய் விட்டார். “இவன் கை நல்ல கைங்க. என் கை மாதிரி இல்ல. பத்திரமா வச்சுக்கோங்க” என்று கடைக்காரரிடம் சொன்னார். தம்பியின் முதல் தூரிகையும் அவர் வாங்கித் தந்ததுதான்.

பிறகு அண்ணனின் வாழ்க்கை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போனது. அண்ணி தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஒருநாள் லாரியிலிருந்து இறக்கும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நிமிர முடியவில்லை. மூட்டை போனது, வலிக்கென்று தொடங்கிய குடி தங்கியது, வாடகை அறை போனது. தம்பி தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒரு முறை அல்ல, பல முறை. ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு. வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். பெயிண்டரின் மனைவி முகம் சுளித்தவள் இல்லை. “இருக்கட்டுங்க, எங்க போவாரு” என்று பாயை விரித்துப் போடுவாள். ஆனால் அண்ணன்தான் தங்கமாட்டார். பத்து நாள் போனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“ஏன்ணே, இங்க என்ன குறை?”

“குறை ஒன்னுமில்லடா. உங்க வீட்ல இருமக்கூட பயமா இருக்கு, பொண்ணுங்க முழிச்சுக்குமோன்னு. வெளியில நிம்மதியா இருமலாம்.”

அவர் நிம்மதியாக இருமக் கண்டுபிடித்த இடம்தான் அந்தக் கிடங்குச் சந்து. மேலே கூரை நீட்டிக்கொண்டிருந்ததால் மழை விழாது. அவரைப் போலவே ஓய்ந்துபோன சுமைக்காரர்கள் சிலர் அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரே தொல்லை, சந்தின் மறுமுனையில் சந்தைக்கு வரும் ஆண்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். காற்று திரும்பினால் குடலைப் பிடுங்கும். பெயிண்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோவார். அண்ணன் சாப்பிடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிடங்கு முதலாளி புனிதர் கேட்டு ஆள் அனுப்பியபோது பெயிண்டருக்கு முதலில் தயக்கமாகத்தான் இருந்தது.

“அங்க ஆளுங்க படுத்திருக்காங்களே முதலாளி.”

“படுக்கட்டும்யா. அவங்கள யாரு என்ன சொன்னா? இது ஒன்னுக்கு இருக்கறவனுக்கு.” முதலாளி மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அப்போது அவர் நினைத்ததும் அதுதான்.

அண்ணனிடம் கேட்டார். அண்ணன் உற்சாகமாகிவிட்டார். “போடுடா! மூக்கப் பொத்திக்கிட்டே தூங்கித் தூங்கி மூக்கே மறந்து போச்சு. யாரப் போடப்போறே?”

“நீயே சொல்லு.”

“எனக்குத் தெரிஞ்சது ஒருத்தர்தான். குழந்தைய தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தக் கடப்பாரே, அவரப் போடு. அவரும் நம்ம ஆளு. சுமை தூக்குனவரு.”

வேலை நடந்த நாட்களில் அண்ணன் குடிக்கக்கூடப் போகவில்லை. சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களை எட்டி நடக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். உருவம் போட்டு முடித்த அன்று நெடுநேரம் பார்த்தார்.

“தப்பா இருக்குடா.”

“எதுண்ணே?”

“தோள்ல பாரம் இருக்கறவன் கழுத்து இப்படி நேரா நிக்காது. குழந்தைய வேடிக்கைக்குத் தூக்குன மாதிரி இருக்கு. எறங்கு.”

தம்பி இறங்கினார். அண்ணன் கிடங்கு வாசலில் கிடந்த ஒரு மூட்டையை நோக்கிப் போனார். வேண்டாம் வேண்டாம் என்று தம்பி ஓடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லித் தோளில் ஏற்றிக்கொண்டார். வளைந்த முதுகு இன்னும் வளைந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, நரம்பு புடைத்து, கண் மட்டும் மேலே, போக வேண்டிய இடத்தைப் பார்த்தது. “பாத்துக்கிட்டியா? சீக்கிரம் பாருடா, உசுரு போகுது!” தம்பி கரித்துண்டை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். மூட்டையை இறக்கிய பிறகு அண்ணன் அரை நாள் எழுந்திருக்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்.

அந்தப் படம் பெயிண்டர் போட்ட மற்ற எந்தப் படத்தையும் போல இல்லை. இடுப்பளவு நீலத் தண்ணீரில் புனிதர் நிற்கவில்லை, நடந்துகொண்டிருந்தார். அடுத்த அடி எடுத்துவைக்கப் போகிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியது. முதலில் சந்தைச் சுமைக்காரர்கள் வந்தார்கள். காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் சுவரைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பிறகு லாரி டிரைவர்கள். பிறகு, உடம்பு சரியில்லாத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள். சந்து முனையில் மருந்துக்கடை வைத்திருந்தவர், இறங்காத காய்ச்சலில் கிடந்த பேரனுக்காக வந்து நின்றார். தன் கடை மருந்து எதற்கும் கேட்காத காய்ச்சல் அந்த வாரம் இறங்கியது. அவர் அதைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். மருந்துக்கடைக்காரரே சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

சந்தில் நாற்றம் போய் மெழுகு வாசனை வந்தது. அண்ணனுக்கும் ஒரு வேலை வந்தது. யாரும் கொடுத்த வேலை அல்ல, தானாக ஒட்டிக்கொண்டது. காற்றில் அணைந்த மெழுகுவர்த்திகளை மறுபடி ஏற்றுவார். உருகி வழிந்ததைச் சுரண்டி எடுப்பார். வாடிய பூவைக் களைவார். வருகிறவர்களுக்குக் கதை சொல்லுவார், ஆற்றின் நடுவில் குழந்தை எப்படிக் கனத்தது, புனிதர் எப்படித் தடுமாறினார் என்று. சொல்லி முடித்ததும் தலையைச் சாய்த்துக் காட்டுவார். கடைசியில் “படம் போட்டது என் தம்பி” என்பார். குடி முழுக்க நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துப் பெயிண்டரின் மனைவி சொன்னாள்: “மாமா மொகத்துல ஒரு களை வந்திருக்குங்க. எத்தனை வருஷமாச்சு!”

கூட்டம் கூடினால் கமிட்டி வரும். மருந்துக்கடைக்காரர் தலைவர். நல்ல மனிதர்தான், கை சுத்தம். புனிதர் இருக்கும் இடம் கண்ணியமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தரைக்கு டைல்ஸ், மேலே ட்யூப் லைட், முன்னால் கிரில் கதவு, கதவுக்குப் பூட்டு. டைல்ஸ் ஒட்டுவதற்காக அட்டைகளை எடுக்கச் சொன்னார்கள். படுத்திருந்தவர்கள் எடுத்தார்கள். ஒட்டி முடித்ததும் கிரில்லைப் பூட்டிவிட்டார்கள். மெழுகுவர்த்தி பார்த்துக்கொள்ள வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை வைத்தார்கள்.

அண்ணன் இதைத் தமாஷாகத்தான் வந்து சொன்னார். “புனிதருக்கு ரூம் கெடச்சுடுச்சுடா, லைட்டு டைல்ஸோட. எனக்குத்தான் இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“இங்க வந்துடுண்ணே.”

“பாப்போம்.”

மறுநாள் பெயிண்டர் மருந்துக்கடைக்குப் போனார், பேசிவிட வேண்டும் என்று. அவரைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். வந்திருந்தவர்களிடமெல்லாம், “இவர்தான் நம்ம புனிதரப் போட்டவர்” என்று அறிமுகம் செய்தார். நாற்காலி போட்டார். குளிர்பானம் வரவழைத்தார். பெயிண்டர் அந்தக் குளிர்ந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “அங்க படுத்திருந்தவங்க... பாவம்” என்றார்.

“பாவம்தான். ஆனா குடிகாரங்க சார். புனிதர் காலடியில வாந்தி எடுத்து வைப்பாங்க. நீங்களே சொல்லுங்க, உங்க படத்துக்கு அது மரியாதையா?”

அதில் ஒருவர் என் கூடப் பிறந்த அண்ணன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரை வந்தது. கடையில் அத்தனை பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மரியாதையோடு. அவர் பானத்தைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

மழைக்காலம் வந்தது. அண்ணன் தம்பி வீட்டுக்கு வரவில்லை. கிரில்லுக்கு வெளியே, கூரை முடியும் மூலையில், அரை உடம்பு நனைய அரை உடம்பு காயப் படுத்திருந்தார். அதற்குள் முதுமைக் கோளாறும் சேர்ந்துகொண்டது. சிறுநீர் வந்தால் அடக்க முடியாது, அடக்கினால் வராது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்றாலே அண்ணனுக்கு நடுக்கம். “மூட்டை தூக்குறவன் பயப்படக் கூடாது, ஆனா பயமா இருக்கே” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலையில் மருந்துக்கடைக்காரர் பெயிண்டருக்கு போன் செய்தார். “ஒரு சின்ன வேலை சார். எவனோ ஒரு குடிகாரன் நம்ம சுவர்ல அசிங்கம் பண்ணிட்டான். கீழ்ப்பக்கம் கொஞ்சம் டச்சப் பண்ணணும். நீங்க வந்தாத்தான் கலர் சேரும்.”

பெயிண்டர் நீலமும் வெள்ளையும் எடுத்துக்கொண்டு போனார். சந்தில் ஈரம் காயவில்லை. கிரில் திறந்திருந்தது. சிறுநீர்க் கறை எங்கே என்று தேடினார். படம் முடிந்து ஒரு ஆள் நீளம் தள்ளி, வெறும் சுவரில்தான் அந்தத் தடம் இருந்தது. ஆனால் படத்தின் ஆற்றில், புனிதரின் இடுப்புக்குக் கீழே, நீலத்தின் மேல் பழுப்பாக ஏதோ தெறித்து வழிந்து காய்ந்திருந்தது. பெயிண்டருக்கு எல்லா வண்ணமும் தெரியும். அது பெயிண்ட் இல்லை.

பக்கத்து செல்போன் ரிப்பேர் கடை இளைஞன் வந்து நின்றான். தினமும் வேலைக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவன். அவனுடைய அம்மா படுத்த படுக்கை.

“இது ரத்தமாப்பா?”

“ஆமாங்க. விடிகாலையில நாங்க வந்தப்ப நின்னுக்கிட்டு இருந்தான் சார், புனிதர் சுவர்லயே! விட முடியுமா?”

“யாரு அடிச்சது?”

“எல்லாருந்தான். கிரில்லத் திறந்து, புனிதர் கால்ல விழுடான்னு இழுத்துட்டு வந்து...” அவன் குரலில் பெருமையும் கொஞ்சம் பயமும் இருந்தன. “ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுட்டாங்க. இங்கயே சுத்திக்கிட்டிருப்பான் சார், முதுகு வளைஞ்ச ஆளு. பெரிய பீலா பார்ட்டி. இந்தப் படத்த என் தம்பிதான் போட்டான்னு வர்றவங்ககிட்டயெல்லாம் அளப்பான். அடி விழும்போதும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான். ‘என் தம்பி போட்டதுடா, என் தம்பி போட்டதுடா’ன்னு.”

பெயிண்டர் நீல டப்பாவின் மூடியைத் திறந்திருந்தார். அதை மறுபடி வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்தி மூடினார்.

“பீலா இல்லப்பா” என்றார். “அந்தத் தம்பி நான்தான்.”

இளைஞன் ஓரடி பின்னால் போனான். பெயிண்டர் டப்பாக்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில், பெயர் தெரியாதவர்களைப் போடும் வரிசையில் அண்ணன் கிடந்தார். ஒரு கண் மூடிப்போய், உதடு கிழிந்து, விலா எலும்பு நொறுங்கி நுரையீரலில் குத்தியிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் பெயருக்குப் பதிலாக ஒரு எண். தம்பி நர்ஸிடம் பெயரைச் சொன்னார். அவள் எண்ணை அடித்துவிட்டுப் பெயரை எழுதினாள்.

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அண்ணன் பார்த்தார். “வந்துட்டியா? யாரு சொன்னா?”

“அங்க... வேலைக்குப் போனேன்ணே.”

“என்ன வேலை?”

தம்பி நீலம் ஒட்டிய கையைப் பின்னால் மறைத்தார். அண்ணன் புரிந்துகொண்டார். கிழிந்த உதட்டால் சிரிக்கப் பார்த்தார்.

“உன் மேலதான்டா தப்பு.”

தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

“ரொம்ப நல்லா போட்டுட்டே. சுமாராப் போட்டிருந்தா இவ்வளவு அடி விழுந்திருக்காது.” சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். இருமல் ஓயும்வரை தம்பி அவர் மார்பில் கை வைத்திருந்தார். பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “நான் வேணும்னு பண்ணலடா. படத்தத் தாண்டித்தான் நின்னேன். அது வரைக்கும்தான் நடக்க முடிஞ்சுது. நம்புறியா?”

“நம்புறேன்ணே. நான் பாத்தேன். தள்ளித்தான் இருக்கு.”

“அவங்ககிட்ட சொல்லு.”

“சொல்றேன்.”

“தம்பின்னு சொன்னதுக்கு யாராவது உன்னத் தப்பா நெனச்சுட்டாங்களா?”

அப்போதுதான் பெயிண்டர் உடைந்தார். வார்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்துக்கடையில் குளிர்பானம் குடித்ததைச் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். “விடுடா. அத்தனை பேரு முன்னாடி நாக்காலி போட்டா யாருக்குத்தான் வாய் வரும்? நானா இருந்தாலும் குடிச்சிட்டுத்தான் வந்திருப்பேன்” என்றார். அப்படிச் சொன்னது தம்பிக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூச்சு ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்தது. பெயிண்டரின் மனைவி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினாள். பெண்கள் இருவரும் பெரியப்பாவின் காலை மாறி மாறிப் பிடித்துவிட்டார்கள். “இப்ப எவ்வளவு வேணும்னாலும் இருமுங்க பெரியப்பா, நாங்க முழிச்சுத்தான் இருக்கோம்” என்று இளையவள் சொன்னாள். ஒரு மத்தியானம், மூத்தவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்குச் சந்தைச் சுமைக்காரர்கள் வந்தார்கள். யாரும் சொல்லாமலே தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். கிரேனைத் தூக்க இத்தனை பேரா வேண்டும், உடம்பில் ஒன்றுமே இல்லையே என்று ஒருவர் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். யார் அடித்தது என்று சந்தில் போய்க் கேட்டார்கள். அன்றைக்கு ‘எல்லாருந்தான்’ என்று சொன்ன சந்தில் இப்போது யாரும் எதையும் பார்க்கவில்லை. செல்போன் கடை பல நாள் பூட்டிக் கிடந்தது. ஒரு சாயங்காலம் அந்த இளைஞன் பெயிண்டரின் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, போகச் சொன்னாலும் போகவில்லை.

“நானும் அடிச்சேன் சார்” என்றான் கடைசியில். “எங்கம்மாவுக்கு வேண்டிக்கிட்ட எடம் சார் அது. அசிங்கமாயிட்டா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...”

பெயிண்டர் வாசலுக்கு இறங்கி வந்தார். “அவரு படத்தத் தாண்டித்தான் நின்னாரு. தெரிஞ்சுக்கோ” என்றார். “இத ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுவியா?”

அவன் தலையை ஆட்டினான். ஆனால் போய்ச் சொல்லவில்லை. பெயிண்டரும் அவன் பெயரைப் போலீஸிடம் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று மனைவி ஒருமுறை கேட்டாள். தெரியவில்லை என்றார். படுக்கையில் கிடக்கும் அவன் தாய்தான் அவருக்கு நினைவுக்கு வந்தாள்.

மருந்துக்கடைக்காரர் கமிட்டி ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். “நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா...” என்று தொடங்கி, முடிக்காமல் முகத்தைத் துடைத்தார். “நான் கேட்டிருக்கணும். ஆளுக்குப் பேரு இருக்குமேன்னு நான் கேக்கல.” புனிதர் முன்னால் பிரார்த்தனை வைக்கிறோம் என்றார், ஒரு கல் பதிக்கிறோம் என்றார்.

“கல்லெல்லாம் வேண்டாங்க. ராத்திரியில கிரில்லத் திறந்து விடுங்க. அங்க படுத்திருந்தவங்க வந்து படுக்கட்டும். அது போதும்.”

ஒத்துக்கொண்டார்கள். அந்த வாரமே பூட்டு போனது.

ரத்தக் கறையை யார் மறைப்பது என்ற பேச்சும் வந்தது. வேறு ஆளை வைக்கலாமா என்றார்கள். பெயிண்டர் தானே போனார். டப்பா எதையும் எடுத்துப் போகவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் பழைய துணியும்தான். அண்ணன் ரத்தத்தின் மேல் வண்ணம் அடிக்க அவருக்கு மனம் இல்லை. குந்தி உட்கார்ந்து தேய்த்தார். ரத்தத்தோடு நீலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் வந்தது. சாய்ந்த கழுத்தோடு மேலே நடந்துகொண்டிருந்த புனிதரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும் ஆற்றில் அந்த இடம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. பார்த்தவர்கள் நுரை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச காலம் கதவு திறந்திருந்தது. பழைய ஆட்கள் டைல்ஸ் மேல் அட்டை விரித்தார்கள். தரை ஜில்லென்று இருக்கிறது, பழைய மண்ணே தேவலை என்று குறைகூடச் சொன்னார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். புதிய கமிட்டி வந்தது. படுக்க வருகிறவர்கள் உண்டியலைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு புரளி. மறுபடி பூட்டு விழுந்தது. பெயிண்டர் போய்க் கேட்டார்.

“முன்னாடி பேசுனது அப்படி இல்லீங்களே.”

புதிய தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாரு?”

“நான்... இந்தப் படம் போட்டவனோட குடும்பம்.” ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு திருத்திச் சொன்னார்: “இங்க அடிபட்டுச் செத்தவரோட தம்பி.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்களே” என்றார் தலைவர். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெயிண்டர் தொழிலை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் சுவருக்குப் புனிதர் வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், சரி என்று உடனே சொல்வதில்லை. காலையில் நன்றாக விடியும் முன்னால் அந்தச் சுவருக்குப் போவார். அட்டை கிடக்கிறதா, சுருட்டிய போர்வை இருக்கிறதா, யாராவது எழுந்து முகம் கழுவுகிறார்களா என்று பார்ப்பார். வெறும் குப்பைதான் என்றால் வேலையை எடுத்துக்கொள்வார். ஆள் படுக்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்து, சொந்தக்காரரிடம் ஒரே பதில்தான்: “சுவர்ல ஈரம் இருக்குங்க. பெயிண்ட் நிக்காது.”

நல்ல கோடையில், மாதக்கணக்காக மழை பார்க்காத சுவருக்கும் இதையே சொன்னார். மற்ற பெயிண்டர்கள் கேலி செய்தார்கள். ‘ஈரச்சுவர்’ என்று பேர் வைத்தார்கள். அவர் வேண்டாம் என்று விட்டுவந்த சுவர்களில் அவர்களே போய்ப் புனிதர்களை வரைந்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போகும்போது மெழுகுவர்த்தி எரியும். அட்டைகள் இருக்காது. அவர் சைக்கிளை நிறுத்தாமல் மிதிப்பார்.

“இந்த வெயில்லயுமா ஈரம்?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“ஆமா” என்றார்.

போன மாதம் ரயில்வே மதில் பக்கம் ஒரு சுவர் பார்க்கப் போனார். ஒரு வயதான பெண் எழுந்து உட்கார்ந்து அட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். சுவரைத் தடவிப் பார்க்கும் இவரைக் கண்டதும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“யாருப்பா நீ? என்ன வேணும்?”

“ஒன்னுமில்லம்மா. சுவர் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்.”

“எப்படி இருக்கு?”

“ஈரமா இருக்கும்மா” என்றார் பெயிண்டர். “நீங்க படுங்க, இன்னும் விடியல.”